பொம்மைக்குள்ளே என்ன இருக்கிறது?

இந்த மாதம் உபவாச நாட்களைப்பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆவியானவர் விடவில்லை. ஒரு பொம்மையைப்பற்றி எழுது என்கிறார். சிரிக்காதிருங்கள், கடைசிமட்டும் வாசியுங்கள். இதிலே என் வெட்கமும் அடங்கியிருக்கிறது.

2025 ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் சபைச் சகோதரர் ஒருவர் வந்து நின்றார். கையிலே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்கு மூன்று முடிச்சு. பாம்பு பிடித்துக்கொண்டு வந்தவரைப்போல பையை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்திருந்தார். பின்னாலே அவர் மகள். 14 வயசுப் பிள்ளை, அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“பாஸ்டர் ஐயா, ஞாயித்துக்கிழமை ஆராதனையிலே இதை எல்லாருக்கும் முன்னாலே வச்சு எரிச்சிரணும்” என்றார்.

அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவு பொம்மை. முயல் காது, உடம்பெல்லாம் புசுபுசுவென்று மயிர், வாய் நிறையக் கூர்ப்பல். லபூபு என்று பேராம். சிங்கப்பூரில் வேலைபார்க்கிற சித்தப்பா லீவுக்கு வரும்போது வாங்கிவந்தது. பிள்ளை அதைப் பள்ளிக்கூடப் பையிலே தொங்கவிட்டிருக்கிறாள். இது பாபிலோனியர் பயந்த பசூசு என்ற பிசாசின் உருவம் என்று யாரோ செல்போனில் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தகப்பனுக்குத் தூக்கம் இல்லை. வீட்டிலே பிரிட்ஜ் கெட்டுப்போனதற்கும், இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார். வசனமும் கையோடு வைத்திருந்தார். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம்: எபேசு பட்டணத்திலே மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்களே, அதன் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு.

“தம்பி, ஒரு வாரம் பொறு. பை என்கிட்டே இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரமும் பாஸ்டரம்மா பை இருந்த அறைப்பக்கமே வரவில்லை, அது வேறே கதை.

பிசாசு இல்லை என்று சொல்லுகிறவன் அல்ல நான். 38 வருஷ ஊழியத்தில் பார்க்கவேண்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால்தான் விசாரிக்காமல் எதையும் பிசாசு என்று சொல்லக்கூடாது என்றும் கற்றிருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பேருமாகத் தேடி வாசித்தோம். இந்தப் பொம்மையை உண்டாக்கினவர் காசிங் லங் என்ற ஓவியர். ஹாங்காங்கில் பிறந்து, சின்ன வயசிலேயே நெதர்லாந்துக்குப் போய் வளர்ந்தவர். வட ஐரோப்பாவின் குட்டிப்பூதக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், அந்தச் சாயலில் 2015-இல் ஒரு படக்கதை செய்தார். அதிலே ஒரு பாத்திரம்தான் லபூபு. 2019 முதல் பாப் மார்ட் என்ற சீனக் கம்பெனி அதைப் பொம்மையாக்கி விற்கிறது. பசூசு என்பதோ பழைய மெசொப்பொத்தாமியாவின் சிலைகளில் இருக்கிற உருவம். 1973-இல் வந்த ‘எக்சார்சிஸ்ட்’ என்ற ஆங்கிலப் பேய்ப்படத்தினாலே உலகமெல்லாம் பேர்பெற்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்ட ஓர் ஆதாரமும் எங்களுக்கு அகப்படவில்லை.

தேவபிள்ளைகளே, ஒரு மனுஷனுடைய பேரைக்கூட அறியாமல், அவன் கைவேலையைப் பிசாசின் வேலை என்று பத்து பேருக்கு அனுப்பிவைக்கிறோமே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனை செல்போனுக்குப் பொருந்தாதா? இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தகப்பனும் மகளும் வந்தார்கள். கணக்கு வாத்தியாராயிருந்து ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஐயாவும் கூட இருந்தார். “பாப்பா, இதிலே அப்படி என்ன இருக்கு? எனக்குச் சொல்லு” என்றேன். முதலில் பயந்தாள், அப்புறம் நன்றாகவே சொன்னாள்.

பொம்மை மூடின பெட்டியில் வரும். உள்ளே எது இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்காது. காசு கொடுத்து, திறந்தால்தான் தெரியும். அவளிடம் இருப்பது 2025-இல் வந்த வரிசை. அதிலே ஆறு நிறம், ஆறு பேர். இவற்றைத் தவிர ‘சீக்ரெட்’ என்று ஒன்று, 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும். அமெரிக்காவில் ஒரு பெட்டி சுமார் 28 டாலர். அவளுக்குக் கிடைத்தது பச்சை. வேண்டியிருந்தது சிவப்பு.

“திறக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிக்கும் அங்கிள். திறந்தப்புறம் ஒண்ணும் இருக்காது. உடனே இன்னொண்ணு வேணும்னு இருக்கும்” என்றாள். 14 வயசுப் பிள்ளை! நான் இச்சையைப்பற்றி எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மூப்பர் ஐயா பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆறு விதமும் சமமாகக் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக வாங்கினால், ஆறும் சேர்வதற்குச் சராசரி 15 பெட்டி ஆகும். அதிலே கடைசி ஒன்றைப் பிடிக்க மட்டுமே சராசரி ஆறு பெட்டி. அந்த சீக்ரெட்டுக்காக 72 பெட்டி வாங்கினாலும், வாங்குகிற 100 பேரில் 36 பேர் அதைக் காணாமலே போவார்கள். “மொத்தமா ஆறு பெட்டி செட்டா வாங்கினா ஒரே மாதிரி ரெண்டு வராதாம். ஆனா அவ்வளவு பணம் எந்தப் பிள்ளை கையிலே இருக்கு?” என்றார். சீன அரசாங்கமே 2023-இல், எட்டு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி மூடின பெட்டி விற்கக்கூடாது என்று நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. பிசாசு என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பிள்ளைகளைப் பிடிக்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

பெரியவர்களையும் விட்டதா? தாய்லாந்துப் பாடகி லிசா 2024-இல் இந்தப் பொம்மைகளைத் தன் பையோடு காட்டினபிறகு ஆசியாவெங்கும் வரிசை நின்றார்கள். 2025 மே மாதம் இங்கிலாந்திலே வரிசையில் நின்றவர்களுக்குள் அடிதடி வந்து, கம்பெனியே கடைகளில் விற்பனையை நிறுத்திவைத்தது. அதே வருஷம் ஜூன் 10-ஆம் தேதி பீஜிங் ஏலத்தில், 131 சென்டிமீட்டர் உயரப் பொம்மை ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போனது. நம்ம காசுக்கு ஒரு கோடிக்கும் மேலே. 2025-இன் முதல் ஆறு மாதத்தில் லபூபு குடும்பத்துப் பொம்மைகளின் விற்பனை மட்டும் 481 கோடி யுவான்.

இது இன்றைக்குத் தோன்றினதும் அல்ல. 1990-களில் அமெரிக்காவில் பீனி பேபி என்ற சின்னச் சின்ன துணிப்பொம்மைகளுக்காக ஜனங்கள் அலைந்தார்கள். 1999-இல் லாஸ் வேகாஸ் கோர்ட்டிலே, விவாகரத்தான புருஷனும் மனைவியும் தரையிலே உட்கார்ந்து, உனக்கொன்று எனக்கொன்று என்று அந்தப் பொம்மைகளைப் பங்குபோட்டுக்கொண்ட படம் பத்திரிகைகளில் வந்தது. கல்யாணத்தை விட்டுக்கொடுத்தார்கள், பொம்மையை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

இனி ஒன்றைச் சொல்லுகிறேன், கவனியுங்கள். அந்தப் பிள்ளையிடம் ஆறு பொம்மைக்கும் என்ன பேர் என்று கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னாள். சிவப்புக்கு அன்பு என்று அர்த்தம்வரும் ஆங்கிலப் பேர். ஆரஞ்சுக்கு சந்தோஷம். மஞ்சளுக்கு உண்மையாயிருத்தல். பச்சைக்கு மன அமைதி. நீலத்துக்கு நம்பிக்கை. ஊதாவுக்கு மட்டும் அதிர்ஷ்டம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். அன்பு இருக்கிறது, சந்தோஷம் இருக்கிறது, சமாதானம் இருக்கிறது, விசுவாசம் இருக்கிறது. நாம் எந்தக் கனிகளுக்காகப் பரிசுத்த ஆவியானவரிடத்தில் காத்திருக்கிறோமோ, அவைகளின் பேரையே பொம்மைக்கு வைத்து, பெட்டியிலே அடைத்து, ஒவ்வொன்றாக விலைக்கு விற்கிறார்கள். வரிசையில் நிற்கிற ஜனம் வெறும் மயிர்ப்பொம்மைக்காக நிற்கவில்லை ஐயா, அன்பு கிடைக்குமா, அமைதி கிடைக்குமா என்று நிற்கிறது. பவுல் அப்போஸ்தலன் அங்கே கனிகள் என்று எழுதாமல் கனி என்று ஒருமையிலே எழுதினதைக் கவனித்தீர்களா? ஒன்பதும் ஒரே கனி. ஒன்று கிடைத்தது, எட்டு கிடைக்கவில்லை என்கிற பேச்சே ஆவியானவரிடத்தில் இல்லை. அந்தப் பட்டியலின் கடைசியில் இருக்கிற இச்சையடக்கம் என்ற பேரிலே மட்டும் எந்தக் கம்பெனியும் பொம்மை செய்யமாட்டான். செய்தால் அடுத்த பெட்டி விற்காது.

பேச்சு சூடுபிடித்துவிட்டது. தகப்பனைப் பார்த்துச் சொன்னேன்: “தம்பி, நீ சொன்ன அதே 19-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் கீழே வாசி. தெமேத்திரியு என்று ஒரு தட்டான். தியானாள் கோவிலைப்போலவே வெள்ளியிலே சின்னச் சின்னக் கோவில் செய்து விற்றவன். எபேசுவுக்கு வருகிற ஜனம் அதை வாங்கிக்கொண்டு போகும். பவுலின்மேல் அவன் ஊரையே கிளப்பிவிட்டான். எதற்காக? முதலில் பிழைப்புப் போகுது என்றான். அதற்குப் பிறகுதான் தேவியின் மகிமை போகுது என்றான். பக்தியும் வியாபாரமும் கலந்த இடத்திலே எப்போதும் ஒரு தெமேத்திரியு நிற்பான்.”

மூப்பர் ஐயா ஆமென் என்றார். தகப்பனும் ஆமென் என்றார். அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாஸ்டர் அங்கிள், அப்போ நம்ம சர்ச்சு கல்லும் இதே மாதிரிதானே?”

“ஏய்! பெரியவங்ககிட்டே என்ன பேச்சு இது?” என்று தகப்பன் அதட்டினார்.

“எங்க ஆச்சிக்கு எட்டாவது கல்லு கிடைக்கலைன்னு ரெண்டு நாள் சாப்பிடலையே அங்கிள். கல்லுக்காக ஆச்சி பித்தளை அண்டாவைக்கூடப் போட்டுட்டாங்க. அப்பாக்குத் தெரியாது.”

அறையிலே ஒரு சத்தமும் இல்லை. தகப்பன் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கிறது?

சபையார் அறிவீர்கள், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லுகிறேன். 2022-இல் ஆலய மேல்தளக் கட்டுமானத்துக்காகப் ‘பன்னிரண்டு கல் பங்காளர் திட்டம்’ என்று நான்தான் ஆரம்பித்தேன். யாத்திராகமம் 28-இல் ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பதித்த பன்னிரண்டு கற்கள் உண்டல்லவா? மாதம் ஒரு கல். பத்மராகம் முதல் யஸ்பி வரைக்கும். 2,000 ரூபாய் காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அந்த மாதத்துக் கல் பதித்த ஒரு பலகை. கல் என்றால் கண்ணாடிதான். ஷீல்டு கடையிலே ஒன்றுக்கு 180 ரூபாய் கொடுத்துச் செய்தோம். மாதம் 40 பலகை மட்டும், முந்தினவர்களுக்கே என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தேன். பன்னிரண்டும் சேர்த்தவர்களின் பேரை வாசலில் சலவைக்கல்லிலே வெட்டுவோம் என்றும் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடனே அலுவலகத்துக்கு ஜனங்கள் ஓடினார்கள். எழுப்புதல் வந்துவிட்டது என்று நினைத்தேன். 40 மட்டும் என்று ஏன் வைத்தேன்? கடையில் 40-க்குமேல் செய்யமாட்டேன் என்றா சொன்னான்? இல்லையே. குறைவாக இருந்தால்தான் ஓடி வருவார்கள் என்று என் மாம்சத்துக்குத் தெரிந்திருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து என் பழைய வேதாகமத்தை எடுத்தேன். உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு, 1986-இல் வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போது கத்தரித்து வைத்தது. அமெரிக்காவின் ஹெரிடேஜ் யுஎஸ்ஏ படம்.

வாலிபர்களுக்கு அந்தப் பேர் தெரிந்திருக்காது. ஜிம் பேக்கர் என்று ஒரு பெந்தெகொஸ்தே ஊழியர், அவர் மனைவி டாமி ஃபே. 1960-களில் இரண்டு பேரும் ஏழைகளாய்ப் பொம்மலாட்டம் காட்டிப் பிள்ளைகளுக்கு இயேசுவைச் சொன்னவர்கள். சோப்புத் திரவம் வருகிற பாட்டிலின் மூடியிலே செய்த ஒரு பொம்மைதான் அவர்கள் மூலதனம். ஜனங்கள் நேசித்தார்கள். டெலிவிஷன் ஊழியம் பெருகியது. 1978-இல் தென் கரோலினா மாநிலம் ஃபோர்ட் மில் அருகே, கிறிஸ்தவக் குடும்பங்கள் சிகரெட்டும் மதுவும் இல்லாமல் விடுமுறை கழிக்க ஓர் இடம் என்று ஹெரிடேஜ் யுஎஸ்ஏ தொடங்கினார்கள். வளர்ந்து 2,300 ஏக்கர் ஆயிற்று. எருசலேம் மேல்வீட்டறையின் மாதிரி ஒன்று, இராப்பகல் ஜெபத்துக்கு. அதற்குப் பக்கத்திலே 500 அறை ஹோட்டல். கூரையிலே வானத்தை வரைந்த கடைத்தெரு. 1986-இல் தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுப் பூங்கா. அந்த வருஷம் ஏறக்குறைய 60 லட்சம் பேர் வந்தார்கள், டிஸ்னியின் இரண்டு பூங்காக்களுக்கு அடுத்தபடி இதுதான் என்றார்கள். என்னிடமிருந்த துண்டிலே அந்த ஹோட்டலும் ஏரியும் கலரிலே இருந்தது. ஆண்டவரே, என் தேசத்திலும் இப்படி ஒன்று தாரும் என்று அதன்மேல் கைவைத்து ஜெபித்தேன்.

அதெல்லாம் எப்படிக் கட்டப்பட்டது தெரியுமா? ஆயிரம் டாலர் கொடுத்தால் ஆயுள் பங்காளர். வருஷம் மூன்று இரவு, ஆயுள் முழுவதும் ஹோட்டலில் இலவசமாகத் தங்கலாம். 25,000 பேருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். விற்றதோ 66,000-க்கும் மேலே. இருந்தது 500 அறை. ஓய்வூதியம் வாங்குகிற முதியவர்கள், விதவைகள் சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். ஊழியருடைய வீட்டிலே குளியலறைக் குழாய்க்குத் தங்க முலாம், நாய்க்கு ஏசி வைத்த கூண்டு. 1987-இல் எல்லாம் வெளியே வந்து, அவர் ஊழியத்தை விட்டு விலகினார். 1989-இல் 24 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி 45 வருஷ தண்டனை. அதே வருஷம் ஹ்யூகோ புயலும் அந்த இடத்தைப் போட்டு அடித்தது, பூங்காவும் மூடிப்போயிற்று. பிறகு தண்டனை 8 வருஷமாகக் குறைந்து, ஏறக்குறைய ஐந்து வருஷம் சிறையிலிருந்து 1994-இல் வெளியே வந்தார். 1996-இல் ஒரு புஸ்தகம் எழுதினார், நான் செய்தது தப்பு என்பதுதான் அதன் தலைப்பு. சிறையிலே வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தபோது, ஐசுவரியத்தைப்பற்றித் தான் போதித்தது வேதத்துக்கு விரோதமானது என்று கண்டாராம்.

அவரை நியாயந்தீர்க்க இதை எழுதவில்லை. 1987-இல் அந்தச் செய்தி வந்தபோது நானும் அமெரிக்க ஊழியர்களைப்பற்றிக் காரசாரமாய்ப் பேசினவன்தான். ஆனால் பத்திரிகைத் துண்டை எறியவில்லை. 35 வருஷம் கழித்து அதே விதை என்னிடத்தில் முளைத்தது. அவர் 25,000 என்றார், நான் 40 என்றேன்.

இன்னொன்றையும் அறிக்கையிட்டுவிடுகிறேன். நாம் நகை போடாத ஜனம். ஞானஸ்நானத்துக்கு இறங்குமுன்னே கம்மலைக் கழற்றச் சொல்லுகிறோம். ஆனால் கழுத்திலிருந்து இறங்கின பொன் எங்கே போயிற்று? கைக்கடிகாரத்துக்குப் போயிற்று. என் 25-ஆம் வருஷ ஊழிய நிறைவுக்கு வெளிநாட்டுச் சகோதரர் ஒருவர் கொடுத்த ராடோ வாட்சைக் கட்டிக்கொண்டுதான், பொன்னாபரணம் கூடாது என்று நான் பிரசங்கம் பண்ணினேன். மணி பார்ப்பதற்கு 300 ரூபாய் வாட்சும் போதும் அல்லவா? உலகத்தான் பாரீசிலே ஏலம் போய், நடிகை ஜேன் பிர்கின் தேய்ந்துபோகுமட்டும் உபயோகித்த பழைய பையை 2025 ஜூலை மாதம் 86 லட்சம் யூரோவுக்கு எடுத்தான் என்று கேட்டால் நாம் தலையில் அடித்துக்கொள்ளுகிறோம். அந்த ஆவிக்கு நம் மணிக்கட்டிலும் ஒரு சின்ன இடம் போதும்.

மறுநாள் காலையிலே, அந்தத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஆச்சி மார்க்கெட்டிலே கீரை விற்கிறவர்கள். கணவர் போய் 20 வருஷம். இரட்சிக்கப்பட்டபோதே கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிவிட்டதினால், விற்பதற்கு நகை கிடையாது. கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா ஒன்றுதான் இருந்தது. அதை எடைக்குப் போட்ட பணம் இரண்டு கல்லுக்கு ஆயிற்றாம். எட்டாவது மாதம் மார்க்கெட்டிலிருந்து வர நேரமாகிவிட்டது. அவர்கள் வரும்போது 40 பலகையும் தீர்ந்துபோயிற்று.

சுவரிலே ஒரு மர அலமாரித் தட்டு. அதிலே ஏழு பலகை வரிசையாக இருந்தது. ஒன்றிலும் தூசி இல்லை. ஏழாவதுக்குப் பக்கத்திலே ஒரு பலகை அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த வெறும் இடத்தையும் தினம் துடைத்திருக்கிறார்கள், பளபளவென்று இருந்தது.

“காலையிலே எந்திரிச்சதும் இது முன்னாலேதான் ஐயா முழங்கால் போடுவேன். இதைப் பார்த்துக்கிட்டே ஜெபம் பண்ணினா மனசுக்கு ஒரு தைரியம்” என்றார்கள்.

பிரியமானவர்களே, 40 வருஷத்துக்கு முன்னாலே விக்கிரகத்தை விட்டு வெளியே வந்த தாயார் அவர்கள். அவர்கள் வீட்டிலே மறுபடியும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தது எந்தச் சீனக் கம்பெனியும் அல்ல. நான் தரையிலே உட்கார்ந்துவிட்டேன். மாற்கு 12-இல், ஏழை விதவை இரண்டு காசு போட்டதைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கு எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன். அதற்குச் சற்று முன்னாலேயே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப்பற்றி ஆண்டவர் எச்சரித்ததை ஒரு தரமும் சேர்த்து வாசித்ததில்லை. ஆச்சியிடத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

“அழாதீங்க ஐயா. நானா ஆசைப்பட்டுத்தானே வாங்கினேன்” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, “ஐயா, அந்த எட்டாவது கல்லு இப்ப ஒண்ணு இருக்குமா?” என்று கேட்டார்கள்.

இருந்தது. என் அலுவலகக் கண்ணாடி அலமாரியிலே பன்னிரண்டு கல்லும் எனக்கென்று ஒரு செட் எடுத்து வைத்திருந்தேன். முதல் நம்பர் பலகைகள். அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம், அந்தத் தாயாரின் முகம் மலர்ந்துவிடும் என்று மனசு துடித்தது. கொடுக்கவில்லை. இல்லை ஆச்சி என்றும் சொல்லமுடியவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்தேன். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குள்ளே கேள்வி உண்டு.

அந்த வாரம் மூப்பர்கள் கூடினோம். மூன்று மணிநேரம். “மேல்தளம் நிக்குதே பாஸ்டர், கர்த்தர் கட்டினதுதானே” என்று ஒருவர் சொன்னார். நல்ல மனுஷன், மனசார சொன்னார். தளம் நிற்கிறது, மெய்தான். முடிவாக, வாசலில் பேர் வெட்டின சலவைக்கல்லை இறக்கிவிட்டோம். அங்கே சுவர் வெள்ளையாய்த் தெரிவதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று பலபேர் கேட்டீர்கள். இதுதான் ஆயிற்று. என் பன்னிரண்டு பலகையையும் கல்லைக் கழற்றிவிட்டு ஞாயிறு பள்ளிக்கு எழுத்து எழுதுகிற அட்டையாகக் கொடுத்தாயிற்று. ராடோ வாட்சு விற்றது முதல் பணமாகத் திருப்பிக்கொடுக்கிற கணக்கிலே சேர்ந்தது. ஆச்சி 14,000 ரூபாயை வாங்கமாட்டேன் என்றுவிட்டார்கள். காணிக்கையை ஆண்டவருக்குத்தான் கொடுத்தேன், உங்களுக்கு அல்ல என்றார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மகன் மட்டும் ஒரு அண்டா வாங்கிக்கொடுத்திருக்கிறார். அலுமினியம்.

பொம்மையை நாங்கள் எரிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடமே திருப்பிக்கொடுத்தேன். பையிலே இப்போதும் தொங்குகிறது. சிவப்பு வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறாள் என்று கேள்வி. போன ஞாயிறு ஆராதனை முடிந்து அவளாக வந்து, “அங்கிள், அந்தப் படபடப்பு இன்னும் வருது, ஜெபம் பண்ணுங்க” என்றாள். எனக்கும் நீ ஜெபம் பண்ணு பாப்பா என்றேன். இரண்டு பேரும் நின்று ஜெபித்தோம்.

கல் பலகை வாங்கினவர்கள், பணத்தைத் திரும்பப் பெற விரும்பினால், செவ்வாய்க்கிழமைகளில் மாலை 4 முதல் 6 மணிக்குள் அலுவலகத்துக்கு வாருங்கள். அதற்காக எதையாவது விற்றிருந்தாலோ, அடகு வைத்திருந்தாலோ, வட்டிக்கு வாங்கியிருந்தாலோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நானும் மூப்பர் ஐயாவும் மாத்திரம் இருப்போம். நோட்டிலே பேர் எழுதவேண்டியதில்லை. பலகையைத் திருப்பிக்கொண்டு வரவேண்டும் என்பதும் இல்லை. ஆச்சி வீட்டுத் தட்டிலே ஏழும் இன்னும் இருக்கிறது, எட்டாவதின் இடத்திலே இப்போது கீரை விற்ற சில்லறை போடுகிற டப்பா வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரனும் போதகனும்